வக்கீலுக்குக் கதவடைப்பு!

தொழிலாளிக்கு நன்கு தெரிந்த சொல் கதவடைப்பு. காலை ஷிப்டுக்குச் சோற்றுத் தூக்கோடு போகிறான். ஆலை வாசல் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இயந்திரம் இருக்கிறது, வேலை இருக்கிறது. அவனுக்கு மட்டும் இடமில்லை என்று ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. முதலாளி ஏன் பூட்டினான் என்பதும் அவனுக்குத் தெரியும். பூட்டை எப்படித் திறக்க வைப்பது என்பதும் தெரியும்.

இந்த நாட்டில் இன்னொரு கதவடைப்பு முக்கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. அது வக்கீலுக்குப் போட்ட பூட்டு! விசாரணை இல்லாமல் ஒரு மனிதனைச் சிறையில் வைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டங்கள் உள்ளன. அப்படிச் சிறை வைத்ததற்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்க ஓர் ஆலோசனைக் குழுவும் உண்டு. அந்தக் குழுவின் முன் கைதி வரலாம், பேசலாம். ஆனால் அவனுக்காக வக்கீல் வந்து வாதாடும் உரிமை கிடையாது. 1980-ம் ஆண்டின் தேசப் பாதுகாப்புச் சட்டம், 11-வது பிரிவில் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

கொலை செய்தவனுக்கு வக்கீல் உண்டு. கொள்ளை அடித்தவனுக்கு வக்கீல் உண்டு. பாங்குப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கடல் கடந்த கோடீஸ்வரனுக்கு வக்கீல் பட்டாளமே உண்டு. இனிமேல் ஏதாவது செய்துவிடுவான் என்ற எண்ணத்தின் பேரில் பிடிபட்டவனுக்கு மட்டும் அந்தக் குழுவின் முன் வக்கீல் இல்லை! இது எந்த ஊர் நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

இது சட்டம் படித்தவர்களின் பிரச்னை என்று தோழர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. தேசப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவைப் பாருங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களோடு இன்னொரு காரணமும் அங்கே குந்தியிருக்கிறது. சமூகத்துக்கு அத்தியாவசியமான பொருள்களும் சேவைகளும் தடைபடாமல் நடக்க வேண்டும் என்பதே அது. ரயில் ஓடுவது அத்தியாவசிய சேவை. மின்சாரம் வருவது அத்தியாவசிய சேவை. அவற்றை நடத்துகிறவன் யார்? தொழிலாளி! அவன் கூலி கேட்டுக் கைகட்டி நின்றால், இந்தப் பிரிவு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவும் வேண்டுமா?

இது வெறும் அச்சமல்ல, நடந்த கதை. 1974-ம் ஆண்டு மே 8-ம் தேதி ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதற்கு முன்பே, மே 2-ம் தேதியே, தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது செய்யப்பட்டார். மிசா சட்டமும் இந்தியப் பாதுகாப்பு விதிகளும் ஆயிரக்கணக்கான ரயில்வே தொழிலாளர் மீது பாய்ந்தன. சம்பளத்துக்காகப் போராடியவன் பாதுகாப்புக் கைதியானான்.

வெள்ளையன் கற்றுத் தந்த பாடம்

இந்தப் பூட்டைச் செய்தவன் வெள்ளைக்காரன். ஆனால் எடுத்த எடுப்பில் அவனும் எல்லோரையும் அப்படிப் பூட்டிவிடவில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர் வ. உ. சிதம்பரனார். அவரே ஒரு வக்கீல். அவர் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கோவைச் சிறையில் செக்கிழுத்தார் அந்த மாமனிதர். வழக்காடும் சன்னதையும் இழந்தார். கொடுமைதான். ஆனாலும் வழக்கு நடந்தது, வக்கீல்கள் வாதாடினார்கள், அப்பீல் இருந்தது. அந்த அப்பீலில்தான் தண்டனை பெரிதும் குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார்.

வெள்ளையன் இதைக் கவனித்தான். வக்கீலும் வாதமும் அப்பீலும் இருக்கும்வரை தன் கை முழுதும் நீளாது என்று கண்டான். 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை அடைத்து வைக்கலாம். ஜூரி இல்லாத மூன்று நீதிபதிகளின் தனி மன்றத்தில் மூடிய அறைக்குள் விசாரிக்கலாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வடநாட்டுத் தெருக்களில் ஏழை மக்கள் அந்தச் சட்டத்தை மூன்றே சொல்லில் விளங்கிக்கொண்டார்கள்: வாதம் இல்லை, வக்கீல் இல்லை, அப்பீல் இல்லை! அதை எதிர்த்துக் கிளம்பிய கொந்தளிப்பில்தான் 1919 ஏப்ரல் 13-ம் தேதி ஜாலியன் வாலாபாக்கில் ரத்தம் ஆறாக ஓடியது. மூன்று ஆண்டுக்குள், 1922-ல், வெள்ளையனே அந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

ரௌலட் போனான். அவன் செய்த பூட்டு போயிற்றா?

குடியரசுக்கு வயது ஒரு மாதம்

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 22-வது ஷரத்து என்ன சொல்கிறது? கைது செய்யப்பட்டவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவன் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை மறுக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நல்ல வார்த்தைகள்! ஆனால் அதே ஷரத்தின் மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிபட்டவனுக்கு இவை பொருந்தாது என்கிறது. வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கிக்கொண்ட கதை இதுதான்.

அந்த இடது கை வேலை செய்ய ஒரு மாதம்தான் ஆயிற்று. பிப்ரவரி இறுதியில் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. உறங்காத இரவுகளைக் கழித்த பிறகே இம்மசோதாவைக் கொண்டுவந்ததாக உள்நாட்டு மந்திரி சர்தார் பட்டேல் பார்லிமெண்டில் சொன்னார். அவருடைய உறக்கம் பிறகு திரும்பியிருக்கலாம். அந்தச் சட்டத்தால் உள்ளே போனவர்களின் வீடுகளில் யாரும் உறங்கவில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் பெரும் வழக்கு நம் சென்னை ராஜ்யத்திலிருந்தே போனது. தோழர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தார். பேச்சுகளுக்காகத் தண்டித்தார்கள், அத்தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் அவரை வெளியே விடவில்லை. சிறைக்குள் இருந்தவரிடமே 1950 மார்ச் 1-ம் தேதி புதுச் சட்டத்தின்படி புது உத்தரவை நீட்டினார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், வக்கீல் எம். கே. நம்பியார் வாதாடினார். மே 19-ல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையோர் சட்டம் செல்லும் என்றார்கள். கோபாலனின் மனு தள்ளுபடியாயிற்று. நீதிபதி பஸல் அலி மாறுபட்டு எழுதினார்.

ஒன்றை மட்டும் அந்தக் கோர்ட்டாலும் விழுங்க முடியவில்லை. தன்னை ஏன் பிடித்தார்கள் என்ற காரணத்தைக் கைதி கோர்ட்டில் வெளியிடுவதையே தடுத்தது அச்சட்டத்தின் 14-வது பிரிவு. அதை மட்டும் செல்லாது என்று அறுத்தெறிந்தார்கள். ஆலோசனைக் குழுவின் முன் கைதியும் போகக் கூடாது, வக்கீலும் போகக் கூடாது என்ற ஏற்பாடோ நிலைத்து நின்றது. நாட்டுக்கு ஆபத்தானவர் என்று அடைத்த அதே கோபாலனை 1952 தேர்தலில் மக்கள் லோக்சபைக்கு அனுப்பினார்கள். எது ஆபத்து, யாருக்கு ஆபத்து என்பதில் சர்க்காரின் கணக்கு வேறு, மக்களின் கணக்கு வேறு!

அந்தச் சட்டம் ஓர் ஆண்டுக்கு என்றே வந்தது. நீட்டி நீட்டி 1969 இறுதி வரை வைத்திருந்தார்கள்.

பூட்டு எங்கே போடப்பட்டது?

கைதிக்காக வக்கீல் ஐகோர்ட்டுக்குப் போக முடியாதா என்று தோழர்கள் கேட்கலாம். போக முடியும். ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் ஐகோர்ட்டு எதைப் பார்க்கிறது? உத்தரவு போட்ட அதிகாரிக்கு அதிகாரம் உண்டா, காரணத்தைக் காலத்தில் கொடுத்தார்களா, கைதியின் முறையீட்டைத் தாமதமின்றிப் பார்த்தார்களா, அதிகாரி தம் மனதைச் செலுத்தினாரா என்று பார்க்கிறது. சொன்ன குற்றச்சாட்டு உண்மைதானா, சாட்சி யார், அந்தக் கூட்டத்தில் இந்த மனிதன் இருந்தானா, அப்படிப் பேசினானா என்ற விசாரணைக்குள் அது சாதாரணமாக நுழைவதில்லை. அது அதிகாரியின் திருப்தியைப் பொறுத்தது என்று விட்டுவிடுகிறது.

அப்படியானால், உண்மையா பொய்யா என்று பார்க்கக்கூடிய இடம் எது? ஆலோசனைக் குழு ஒன்றுதான்! பிடித்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் விவகாரத்தை அதன்முன் வைக்க வேண்டும். ஏழு வாரத்துக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். போதிய காரணம் இல்லை என்று அது சொன்னால் கைதி விடுதலை. இருக்கிறது என்று சொன்னால் மொத்தம் 12 மாதம் வரை சிறை. ஒரு மனிதனின் ஓராண்டு வாழ்வு தொங்கும் இடம் அது. அங்கேதான் வக்கீலுக்குப் பூட்டு!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்தக் குழுவின் உறுப்பினர் ஐகோர்ட்டு நீதிபதியாகவோ, முன்னாள் நீதிபதியாகவோ, நீதிபதியாகும் தகுதி உள்ளவராகவோ இருக்கலாம் என்கிறது சட்டம். வெகுநாள் தொழில் நடத்திய வக்கீலுக்கு அந்தத் தகுதி வந்துவிடுகிறது. ஆக, வக்கீல் குழுவில் உட்காரலாம். கைதியின் பக்கத்தில் நிற்கத்தான் கூடாது!

தன்பாத்திலிருந்து ஒரு மனு

1980-ல் மீண்டும் ஆட்சிக்கு வந்த இந்திரா காந்தி சர்க்கார் தேசப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் ஏ. கே. ராய். தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவர். அத்தொகுதியின் லோக்சபை உறுப்பினர். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவரையே விசாரணையின்றி அடைத்தார்கள். அவருடைய வழக்கில் 1981 டிசம்பர் இறுதியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும், அரசியல் சட்டமே தடுத்திருப்பதால் ஆலோசனைக் குழு முன் வக்கீல் உரிமை இல்லை என்றது.

ஆனால் அதே தீர்ப்பில் இரண்டு சிறு ஜன்னல்கள் திறந்தன. சர்க்கார் தன் பக்கம் வக்கீலையோ சட்ட ஆலோசகரையோ நிறுத்தினால், கைதிக்கும் வக்கீல் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, வக்கீல் இல்லாவிட்டாலும் ஒரு நண்பரின் உதவியைக் கைதி பெறலாம். பயத்தில் நா எழாதவனுக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அந்த நண்பர் துணை நிற்கலாம். சுரங்கத் தொழிலாளர் தலைவர் போட்ட வழக்கில் கிடைத்த உரிமை இது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் சங்கங்கள் எத்தனை?

வக்கீல் வேண்டாம் என்று தொழிலாளர் தரப்பே முன்பு சொல்லவில்லையா என்று சிலர் குறுக்குக் கேள்வி போடலாம். 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், சமரசப் பேச்சில் வக்கீல் கூடாது என்றது; லேபர் கோர்ட்டில் எதிர்த்தரப்பின் சம்மதமும் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும் என்றது. உண்மை. ஆனால் அங்கே இரு தரப்புக்கும் ஒரே விதி. தொழிலாளிக்காகப் பேசச் சங்கத் தலைவர் பக்கத்திலேயே இருப்பார். சிறைக் கைதியின் நிலை அதுவா? அவனுக்கு எதிரே நிற்பது ஒரு சர்க்கார்; அதன் கையில் போலீஸ், கோப்பு, ரகசிய அறிக்கை. பொது நலனுக்கு விரோதம் என்று சொல்லிச் சில விவரங்களைக் கைதியிடம் மறைக்கவும் அதற்கு உரிமை உண்டு. இந்தப் பக்கம் ஒரு தனி மனிதன். அந்தச் சமமின்மையைச் சரிக்கட்டத்தான் வக்கீல் தேவைப்படுகிறார்.

பெயர் மாறும், பூட்டு மாறாது

1971-ல் மிசா. 1985-ல் தடா. 2002-ல் பொடா. ஒன்று போனால் ஒன்று வந்தது. ஆண்ட கட்சிகளின் கொடி மாறியது. சட்டத்தின் குணம் மாறவில்லை.

மிசாவின் காலத்தில், நெருக்கடி நிலையின்போது, ஏறத்தாழ 35,000 பேர் அச்சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். பிடித்ததற்குக் காரணமே சொல்ல வேண்டாம் என்று திருத்தம் செய்தார்கள். ஒன்பது ஐகோர்ட்டுகள் கைதியின் மனுவை விசாரிக்கலாம் என்று துணிந்து சொல்லின. 1976 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், முடியாது என்றது. போலீஸ்காரன் சட்டவிரோதமாகச் சுட்டுக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும் வரை இல்லை என்றே சர்க்கார் வக்கீல் பதில் சொன்னார்! கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அதற்கு விலையாக 1977-ல் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் ராஜினாமா செய்தார். 2017-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பழைய தீர்ப்பை வெளிப்படையாகத் தூக்கி எறிந்தது. நாற்பத்தோர் ஆண்டு ஆயிற்று! அதற்குள், சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977 ஜனவரியில் மறைந்தே போனார். அவருக்கு எந்தத் தீர்ப்பு உயிர் தரும்?

தடா இன்னும் ஒரு படி மேலே போனது. போலீஸ் சூப்பரிண்டெண்டின் முன் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கு 1998 ஜனவரியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, அந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடா முறையில் வாங்கிய வாக்குமூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அவர் சொன்னதில் ஒரு பகுதியைத் தாம் விட்டுவிட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளியில் சொன்னார். 19 வயதில் உள்ளே போன பேரறிவாளன் 2022 மே 18-ல் விடுதலையானார். வாக்குமூலம் எழுதிய அறையில் அவர் பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்திருந்தால், அந்த வரி விட்டுப் போயிருக்குமா?

பொடாவின் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த கூட்டணியில் அங்கம் வகித்தது ம.தி.மு.க. அச்சட்டம் நிறைவேறிய அதே 2002-ம் ஆண்டில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அக்கட்சித் தலைவர் வைகோவே அதில் கைதாகி, 2004 தொடக்கம் வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். பிறருக்கென்று வெட்டிய குழியில் யாரும் விழலாம்!

2004-ல் பொடா போயிற்று. அதன் சரக்கு, 1967-ல் பிறந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் மாற்றி ஏற்றப்பட்டது. 2008-ல் அதற்குப் புதுப் பற்கள் முளைத்தன. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்கலாம். போலீசாரின் குற்றச்சாட்டு மேலோட்டப் பார்வையில் உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் கிடையாது. ஜாமீன் கட்டத்தில் சாட்சியத்தை ஆழமாக எடை போடக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. இங்கே வக்கீல் கோர்ட்டுக்குள் வரலாம். ஆனால் வந்து எதைப் பேசுவது? கதவைத் திறந்துவிட்டு வாயைக் கட்டினார்கள்!

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் இச்சட்டத்தில் பிடித்தார்கள். நடுக்குவாதத்தால் தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாத முதியவர். ஜாமீன் வரவில்லை, சாவு வந்தது. 2021 ஜூலை 5-ல், 84-வது வயதில், விசாரணை தொடங்குமுன்பே காவலில் உயிர் நீத்தார். சத்தீஸ்கரில் தொழிலாளர்களுக்காகக் கோர்ட்டு ஏறிய வக்கீலும் தொழிற்சங்கத் தோழருமான சுதா பரத்வாஜை 2018-ல் கைது செய்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருந்து 2021 டிசம்பரில் ஜாமீனில் விட்டார்கள். வக்கீலை வாசலில் நிறுத்தியது போதாதென்று, வக்கீலையே உள்ளே தள்ளும் காலம் இது!

நாட்டுக்கு ஆபத்து என்பார்கள்

நாட்டில் குண்டு வெடிக்கும்போது உரிமை பேசுகிறீர்களே என்று சிலர் நம்மைக் கேட்பார்கள். குண்டு வைப்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. குண்டு வெடித்தால் முதலில் சாகிறவன் ரயிலுக்குக் காத்திருக்கும் கூலிக்காரன்தான் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறோம். 2008-ல் பம்பாயில் துப்பாக்கியோடு பிடிபட்டான் கசாப். அவனுக்கு இந்த நாடு வக்கீல் கொடுத்தது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழி கொடுத்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை வாதாட வைத்தது. அதன் பிறகே 2012 நவம்பர் 21-ல் தூக்கிலிட்டது. அதனால் நாடு கவிழ்ந்துவிட்டதா? இல்லை. நம் நீதியைக் குறைசொல்ல உலகத்தில் எவனுக்கும் வாய் எழாமல் போயிற்று, அவ்வளவுதான்.

இதை இன்னொரு காட்சியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 ஜூலையில் சேலத்தில் ஒரு மாணவி, விவசாயிகளின் போராட்டத்துக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்தார். அவர் மீது பாய்ந்தது எது? தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டுக் குண்டர் சட்டம்! கள்ளச்சாராயக்காரனுக்கும் ரவுடிக்கும் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் துண்டறிக்கையின் மீது பாய்ந்தது. அதிலும் ஆலோசனைக் குழு முன் வக்கீல் உரிமை இல்லை. செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. கசாபுக்குக் கிடைத்த வாதம் சேலத்து மாணவிக்குக் குழுவின் முன் கிடைக்காது என்றால், இந்தப் பூட்டு எந்த ஆபத்தைத் தடுக்கப் போட்ட பூட்டு?

தோழர்கள் அறிய வேண்டியவை

கோபப்படுவது போதாது, தெரிந்துகொள்ளவும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடக்கிறது. அதில் போலீஸ் காவல் 15 நாள்தான் என்றாலும், முன்போல முதல் 15 நாளோடு முடிவதில்லை. குற்றத்துக்குத் தக்கபடி முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். வெளியே வந்தோம் என்று மூச்சுவிட்டவனை மீண்டும் ஸ்டேஷனுக்கு இழுக்க வழி திறந்திருக்கிறது.

ஆனால் நம் கையில் இருக்கும் கருவிகளும் அதே புத்தகத்தில் உண்டு. கைது செய்யும் போலீஸ்காரர் தம் பெயர் தெரியும்படி அடையாளம் தரிக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் அல்லது அவ்வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் கைதானவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். டாக்டர் பரிசோதனை வேண்டும். 38-வது பிரிவின்படி, விசாரணை நேரம் முழுவதும் இல்லாவிட்டாலும், விசாரணையின்போது தாம் விரும்பும் வக்கீலைச் சந்திக்கக் கைதானவருக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அங்கே போனதும் அடி விழுந்திருந்தால் அஞ்சாமல் சொல்ல வேண்டும்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பத்திரிகையாளர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் பிடித்து, மறுநாள் விடிந்தும் விடியாமலும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். அவருடைய வக்கீலுக்குத் தெரியுமுன் காவல் உத்தரவு வாங்கினார்கள். 2024 மே 15-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கைதே செல்லாது என்றது. காரணத்தை எழுத்தில் கொடுக்காததே குற்றம் என்றது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திலேயே இது செல்லும்.

தடுப்புக் காவலில் பிடித்தால், காரணத்தைச் சாதாரணமாக ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவும் கைதிக்குப் புரியும் மொழியில்! மராட்டிய ராஜ்யத்தில் ஹரிகிஷன் என்பவருக்குத் தெரியாத இங்கிலீஷில் காரணத்தைக் கொடுத்தார்கள் என்பதற்காகவே 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுவித்தது. தமிழில் கேட்பது நம் உரிமை. ஆட்கொணர்வு மனுவை மனைவி போடலாம், நண்பர் போடலாம். ஆலோசனைக் குழு முன் துணை நிற்க ஒரு நண்பரை எழுத்து மூலம் கேட்கலாம்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவில், இலவச வக்கீல் பெறத் தகுதியானவர் பட்டியலைத் தருகிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரோடு ஆலைத் தொழிலாளியும் காவலில் உள்ளவரும் அதில் இருக்கிறார்கள். தொழிலாளி என்ற ஒரே தகுதி போதும். ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு வக்கீலின் பெயரும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் முகவரியும் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய்

சட்டம் இருந்தும் அமலாகாத கொடுமையை என்னவென்பது? நெருக்கடி நிலையில் பட்ட அடி ஆறுமுன், 1978-ல், அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது. குழுவின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் அடைக்கலாம் என்பதை இரண்டு மாதமாக்கியது. குழுவின் தலைவர் பதவியில் உள்ள ஐகோர்ட்டு நீதிபதியாகவும், மற்றவர்கள் பதவியில் உள்ள அல்லது ஓய்வு பெற்ற நீதிபதிகளாகவும் இருக்க வேண்டும் என்றது. அந்தப் பகுதியை எந்த நாளிலிருந்து அமல்படுத்துவது என்ற பொறுப்பைச் சர்க்காரிடம் விட்டது. எத்தனையோ சர்க்கார்கள் வந்தன, போயின. அந்த நாள் மட்டும் இன்னும் வரவில்லை!

வக்கீல்களின் கதையும் இதுவே. எல்லாக் கோர்ட்டிலும், சாட்சியம் பதிவு செய்ய அதிகாரம் பெற்ற எவர் முன்பும் தொழில் நடத்தும் உரிமையை 1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 30-வது பிரிவு தந்தது. அதை அமலுக்குக் கொண்டுவர 2011 ஜூன் வரை ஆயிற்று. ஐம்பது ஆண்டு! அடக்குகிற சட்டம் அவசரச் சட்டமாக இரவோடிரவாக வருகிறது. காப்பாற்றுகிற சட்டம் அரை நூற்றாண்டு நடக்கிறது.

ஆகவே நாம் கேட்கிறோம். 44-வது திருத்தத்தின் அந்தப் பகுதியை உடனே அமல்படுத்துங்கள். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வரத் தடை போடும் பிரிவுகளைத் தேசப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் குண்டர் சட்டத்திலிருந்தும் எடுங்கள். அரசியல் சட்டம் உரிமையைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், சட்டம் போடுகிறவர்கள் அந்த உரிமையைக் கொடுப்பதை அது தடுக்கவும் இல்லை. டில்லி தன் சட்டத்தைத் திருத்தட்டும். தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்தி வழி காட்டட்டும். விசாரணையின்றிச் சிறை வைக்கும் முறையே ஒழிய வேண்டும் என்பது நம் இறுதி லட்சியம். அதுவரை, அந்த அறையின் கதவாவது திறக்கட்டும்.

இதை யாரும் தானமாகத் தரப்போவதில்லை. ஆலைக் கதவைத் திறக்க வைத்தது தொழிலாளியின் ஒற்றுமை. இந்தக் கதவையும் அதுவே திறக்க வைக்கும். வரும் மே தினக் கூட்டங்களில் கூலி, போனஸ், பஞ்சப்படிக் கோரிக்கைகளோடு இந்தக் கோரிக்கையும் தீர்மானமாக நிறைவேறட்டும். நம் ஒவ்வொரு கிளையும் அதை டில்லிக்கும் சென்னைக்கும் அனுப்பட்டும்!